தோள் கன்றாத தோட்டா: தாத்தாவின் வின்செஸ்டருக்கு எதைப் போடுவது?

என் மாமா மகன் இங்கே தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரத்தில் இருக்கிறான். போன மாதம் ஒரு ராத்திரி போன் போட்டான். "மச்சான், ஒருவழியா லைசன்ஸ் வந்திடுச்சு. தாத்தா துப்பாக்கி வீட்டுக்கு வந்தாச்சு. ஒரு பெட்டி தோட்டா வாங்கிச் சுட்டுப் பாத்தேன், தோள் கன்னிப்போச்சு. பொண்ணு ஒரே ஒரு தடவை சுட்டா, இனிமே தொடவே மாட்டேங்கிறா. நீதான் வீட்டுல தோட்டா அடைக்கிறவனாச்சே, மெதுவா ஏதாவது கிடைக்குமா?"

கிடைக்கும், நாலைந்து விதமாகக் கிடைக்கும். அதில்தான் சிக்கலே. போனில் அரைமணி நேரம் பேசியும் அவனுக்குத் தெளிவு வரவில்லை, எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அதனால் எழுதிவிடுகிறேன். இந்த நேட்டால் பகுதியில் நம்மவர் வீடுகளில் பழைய லீவர் துப்பாக்கி (விசையின் கீழே உள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றி அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை) வைத்திருப்பவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள், அவர்களுக்கும் உதவட்டும்.

முதலில் கையில் இருப்பது என்ன என்று பார்ப்போம். ஸ்டேங்கர் பக்கம் தாத்தாவுக்குக் கொஞ்சம் கரும்பு இருந்தது. கரும்புக்குள் புகும் காட்டுப்பன்றிக்காக யாரோ ஒரு வெள்ளைக்காரரிடம் பழையதாக வாங்கிய வின்செஸ்டர் 94 இது. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் .303 ரைஃபிள்தான் சகஜம், லீவர் வைத்தது அபூர்வம். ஆயுத பூஜையன்று கரும்பு வெட்டும் கத்திகளோடு இதையும் சாய்த்து வைத்துச் சந்தனம் குங்குமம் இடுவார். ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1894இல் வெளிவந்த இந்த மாடல் எழுபது லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது, ஆகவே காட்சிக்கூடத்துப் பொருள் இல்லை. ஆனால் நம் குடும்பத்தில் இது ஒன்றுதான்.

குழலில் "30 டபிள்யூ.சி.எஃப்." என்று பொறித்திருக்கும். கடையில் .30-30 என்று கேட்டு வாங்குவது அதே தோட்டாதான். 1895இல் வந்தது. அமெரிக்காவில் வேட்டைக்கென்று புகையில்லா வெடிமருந்தோடு வந்த முதல் தோட்டா. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கருமருந்து, அதாவது பழைய காலத்துப் புகை கக்கும் வெடிமருந்து பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

சட்டத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் துப்பாக்கிச் சட்டப்படி, தாத்தா பெயரில் இருந்தது பேரனுக்குத் தானாக வந்துவிடாது. தகுதிச் சான்றிதழ், தன் பெயரில் உரிமம் இரண்டும் வேண்டும். அதுவரை துப்பாக்கி டீலரிடம்தான் கிடந்தது. தன் பெயரில் உரிமம் உள்ள துப்பாக்கிக்குத்தான் ஒருவர் தோட்டா அடைக்கலாம். அதாவது மச்சானுக்காக நான் என் வீட்டில் அடைத்துக் கொடுக்க முடியாது, அவனேதான் அடைக்க வேண்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கலாம். ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டா, 2400 பிரைமர் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) என்பது சாதாரண உரிமக்காரருக்கான வரம்பு. 2021இல் வந்த திருத்த வரைவு வீட்டில் அடைப்பதையே தடை செய்யப் பார்த்தது. அந்தச் சண்டையை இன்னொரு நாள் பேசலாம்.

இனி தோட்டா. பித்தளைக் கூடு, அதன் அடியில் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு, இந்த நாலும் சேர்ந்ததுதான் ஒரு தோட்டா.

கடைத் தோட்டாவில் ஒரு குறையும் இல்லை. 170 கிரெய்ன் குண்டு, அதாவது 11 கிராம், நொடிக்கு சுமார் 670 மீட்டரில் போகும். பன்றிக்கு அது சரி. ஆனால் மூன்று கிலோ எடையுள்ள துப்பாக்கி, பின்கட்டையில் ரப்பர் கிடையாது, வெறும் இரும்புத் தகடு. கணக்குப் போட்டால் உதை கிட்டத்தட்ட 15 ஜூல் வருகிறது. பெரிய வேட்டைத் துப்பாக்கிகளோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை என்று யாராவது சொன்னால், அந்த இரும்புத் தகட்டைத் தோளில் வைத்து இருபது முறை சுடச் சொல்லுங்கள். இதனால் கைக்காசு செலவில்லாமல் முதலில் செய்ய வேண்டியது, கட்டையின் அடியில் மாட்டும் ரப்பர் உறை ஒன்று வாங்குவது. தாத்தா கட்டையில் துளை போடாதீர்கள், மாட்டிக் கழற்றும் உறை போதும். செலவில்லாமல் என்றேனே, சரி, கொஞ்சம் செலவு உண்டு.

உதை குறைத்த கடைத் தோட்டாவும் உலகத்தில் உண்டு. ரெமிங்டன் 125 கிரெய்ன் குண்டு போட்டு ஒன்று விற்றது. உதை பாதிக்குச் சற்று மேல் வரும். நம் ஊர்க் கடைகளில் நான் கண்ணால் கண்டதில்லை. கிடைத்தால் வாங்குங்கள், கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஆக, வீட்டில் அடைப்பதுதான் வழி. பொதுவாக இந்த ஒப்பீட்டை விலையை வைத்துச் செய்வார்கள், அல்லது எது சின்ன வட்டத்துக்குள் விழுகிறது என்று பார்ப்பார்கள். நான் வேறு ஒரு கேள்வியை வைத்துப் பார்க்கிறேன்: நான் ஒரு தப்புச் செய்தால் இது என்னை மன்னிக்குமா? ஏன் இந்தக் கேள்வி என்றால், மெதுவான தோட்டாவில்தான் தப்புக்கு இடம் அதிகம். முழு வேகத் தோட்டாவில் கூடு கிட்டத்தட்ட நிறைந்திருக்கும். இரண்டு தடவை மருந்து போட்டால் வழிந்து கொட்டிக் காட்டிக்கொடுக்கும். மெதுவான தோட்டாவில் கூட்டின் அடியில் ஒரு சிட்டிகை மருந்துதான் கிடக்கும். மேலே பெரிய வெற்றிடம். அதில் இரண்டு சிட்டிகை விழுந்தாலும் இடம் இருக்கும், மூன்று விழுந்தாலும் இருக்கும்.

இந்தக் கேள்விக்கு மிக அழகாகப் பதில் சொன்ன மருந்து டிரெய்ல் பாஸ். சின்னச் சின்ன வடை மாதிரி நடுவில் ஓட்டையோடு இருக்கும் துகள்கள். எடை கொஞ்சம், இடம் அடைப்பது அதிகம். இரண்டு தடவை போட்டால் வெளியே வழியும். குண்டின் அடி வரும் மட்டம் வரை நிரப்பினால் அதுவே உச்சம், அதில் எழுபது சதவீதம் ஆரம்பம், குண்டை வைத்து அழுத்தக்கூடாது, அவ்வளவுதான் தயாரிப்பாளர் சொன்ன விதி. புதிதாக வருபவர்களுக்கு இதைவிட நல்லது நான் பார்த்ததில்லை. ஆனால் சில வருஷமாகக் கடையில் இதைக் காண்பதே அரிது. என்னிடம் அரை டப்பா இருக்கிறது. அதை மச்சானுக்குக் கொடுக்க மனசு வரவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது ஹெச்4895. சாதாரண ரைஃபிள் மருந்துதான், ஆனால் குறைத்துப் போட்டாலும் ஒழுங்காக எரியும் குணம் இதற்கு உண்டு. கையேட்டில் உள்ள உச்ச அளவில் அறுபது சதவீதம் வரை இறங்கலாம் என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்கிறார். இந்தச் சலுகை இந்த மருந்துக்குச் சொன்னது. மற்ற ரைஃபிள் மருந்தைக் கையில் எடுத்து "இதையும் பாதி போடலாமே" என்று இறங்காதீர்கள். ஹெச்110 மாதிரி உருண்டைத் துகள் மருந்துகளுக்கு நேர்மாறான எச்சரிக்கை இருக்கிறது: மூன்று சதவீதத்துக்கு மேல் குறைக்கவே கூடாது. மெதுவாக எரியும் மருந்தை மிகவும் குறைத்துப் போட்டால் தோட்டா தாமதமாக வெடிக்கலாம், குண்டு குழலில் நின்றுவிடலாம், சில சமயம் எதிர்பாராத அழுத்தம் ஏறவும் வாய்ப்பு உண்டு. குறைவாகப் போட்டால் ஆபத்தில்லை என்பது சமையலில் உப்புக்குச் சரி, இங்கே சரியில்லை.

ஹெச்4895இன் குறை, மிகவும் குறைத்தால் எரியாத துகள்கள் மஞ்சளாக மிஞ்சும். லீவர் இடுக்கிலும் குழலிலும் மணல் கொட்டியது போல் நரநரக்கும். இருபது சுட்டதும் ஒரு தடவை தட்டி ஊதிவிட வேண்டும். நிறை என்ன? அறுபது சதவீத அளவை இரண்டு தடவை போட்டால் கூடு கழுத்து வரை ஏறிவிடும், பார்த்தவுடன் தெரியும். இதை நினைவில் வையுங்கள், பிறகு திரும்ப வருகிறேன்.

மூன்றாவது, கைத்துப்பாக்கி மருந்து. அல்லயன்ட் யூனிக், நம் ஊர்ச் சோம்கெம்மின் எஸ்121, எஸ்221 போன்ற வேகமாக எரியும் வகை. கொஞ்சம் போட்டால் போதும், சுத்தமாக எரியும், ஒரு டப்பா வருஷக்கணக்கில் வரும். பழைய கைகள் எல்லாம் ஈயக் குண்டுக்கு இதைத்தான் போடுவார்கள், நானும் இதைத்தான் போடுகிறேன். மன்னிக்கும் குணம் மட்டும் இதற்குக் கிடையாது.

ஒரு தடவை எனக்கு நடந்தது. சனிக்கிழமை மத்தியானம், கூடுகளை வரிசையாக நிறுத்தி மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் போன் வந்தது. ஐந்து நிமிஷம் பேசிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன், அல்லது தொடர்ந்ததாக நினைத்துக்கொண்டேன். மறுநாள் சுடுமிடத்தில் பன்னிரண்டாவது தோட்டா "டப்" என்று சொல்வதற்குப் பதிலாக "பொத்" என்றது. உதையே இல்லை. எதிரே அட்டையில் புது ஓட்டையும் இல்லை. கை பழக்கத்தில் லீவரை இறக்கி அடுத்ததை ஏற்றப் போய்விட்டது. பக்கத்தில் நின்ற பெரியவர் "நில்லு தம்பி" என்று கையைப் பிடித்தார். மருந்தே விழாத கூடு. பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழலுக்குள் இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்தியிருந்தது. அடுத்த தோட்டாவைச் சுட்டிருந்தால் குழல் வீங்கியிருக்கும், அல்லது பிளந்திருக்கும். எண்ணெய் விட்டு, பித்தளைக் கம்பியை வாய்ப்பக்கமிருந்து விட்டு, மரச்சுத்தியால் தட்டித் தட்டி எடுத்தோம். அது ஈயக் குண்டு என்பதால் எளிதாக வந்தது. செம்பு உறை போட்ட குண்டாக இருந்தால் துப்பாக்கி ஆசாரியிடம்தான் போயிருக்க வேண்டும்.

அதிலிருந்து மேசையில் போன் கிடையாது. எல்லாக் கூட்டையும் மரக்கட்டையில் நிறுத்தி, மருந்து போட்டு, டார்ச் அடித்து ஒவ்வொன்றாக உள்ளே பார்த்து, அதன் பிறகுதான் குண்டு வைப்பேன். ஒரு கூட்டில் மட்டம் மாறித் தெரிந்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிப்பேன்.

கருமருந்தைப் பற்றி ஒரு பத்தி போதும். .44-40, .38-55 போன்ற பழைய தோட்டாக்கள் கருமருந்துக்கென்றே பிறந்தவை, அவற்றுக்கு அது இயல்பு. .30-30 பிறப்பிலேயே புகையில்லா மருந்துக்காரன். அதில் கருமருந்து போட்டால் புகைதான் அதிகம் வரும், சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் குழலைக் கழுவாவிட்டால் டர்பன் கடற்கரைக் காற்றில் இரண்டே நாளில் துரு பூக்கும். மச்சானுக்கு இது வேண்டாம்.

இனிக் குண்டு. உதையைக் குறைப்பதில் மருந்துக்கு எவ்வளவு பங்கோ, குண்டுக்கும் அவ்வளவு.

எந்தக் குண்டு போட்டாலும் ஒரு விதி: தட்டை மூக்கு. இந்தத் துப்பாக்கியில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே உள்ள நீளக் குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒன்றின் மூக்கு முன்னே இருப்பதன் பிரைமரில் முட்டிக்கொண்டு நிற்கும். கூர்மூக்குக் குண்டு போட்டால் உதையின் அதிர்ச்சியில் அது ஊசி போலக் குத்தி, குழாய்க்குள்ளேயே வெடிக்க வாய்ப்பு உண்டு. ஹார்னடி விற்கும் ரப்பர் மூக்குக் குண்டு இதற்கு விலக்கு, ஆனால் அது வேகத்துக்காகச் செய்தது, நமக்கு உதவாது.

செம்பு உறைக் குண்டா, ஈயக் குண்டா? செம்பு உறையில் வேலை மிச்சம், கடையில் வாங்கி வைத்தால் ஆயிற்று. ஆனால் மெதுவாகப் போகும்போது செம்புக்குக் குழலில் பிடிப்பு அதிகம், மிகவும் குறைத்தால் சிக்கும். ஈயம் வழுக்கிக்கொண்டு போகும், குழலையும் தேய்க்காது. நொடிக்கு 410 மீட்டர் அளவில் போகும் 170 கிரெய்ன் ஈயக் குண்டுக்குக் கணக்குப் போட்டால் உதை 4 ஜூல்தான் வருகிறது. கடைத் தோட்டாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. பதினாலு வயசுப் பெண் சிரித்துக்கொண்டே சுடலாம்.

ஈயம் ஊற்றுவது நம்மவர்களுக்குப் புதுசா என்ன? எங்கள் பெரியப்பா கடலில் ஷேட் மீன் பிடிக்கத் தூண்டிலுக்கு ஈயக்குண்டு ஊற்றாத வருஷம் உண்டா? அதே வேலைதான், கொஞ்சம் பொறுமை கூட. தூண்டில் ஈயம் மட்டும் மிகவும் மென்மை. வெள்ளீயமும் ஆன்டிமனியும் சேர்த்துக் கடினமாக்க வேண்டும். கார் சக்கரத்தில் ஒட்டும் பழைய எடைக்கட்டிகள் நன்றாக ஒத்துவரும், ஆனால் இப்போது வருவதில் பல துத்தநாகம். கட்டிங் பிளையரால் கடித்துப் பாருங்கள். ஈயம் வெண்ணெய் போல் வெட்டுப்படும், துத்தநாகம் அசையாது. ஈயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகத்துக்கு 419 வேண்டும். சட்டியை அதிகம் சூடாக்காமல் வைத்தால் தப்பி வந்த துத்தநாகக் கட்டி மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்து எறிந்துவிடலாம். அவசரப்பட்டுச் சூடேற்றி அது கலந்துவிட்டால் அச்சில் சரியாக நிரம்பாது, மொத்தச் சட்டியும் வீண்.

வெளியில், காற்றாட ஊற்றுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் உருகிய ஈயத்தில் விழுந்தால் மொத்தமும் முகத்தில் தெறிக்கும். வேர்வைத் துளிகூட வேண்டாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டையை மாற்றிவிட்டுத்தான் சாப்பாடு. சமையல் பாத்திரம் எதையும் தொடாதீர்கள். நான் ஆரம்பத்தில் ஒரு பழைய குழம்புச் சட்டியை எடுத்துப் போய்விட்டேன். என் மனைவி அதை இன்னும் மறக்கவில்லை, அவள் மறக்காததும் நியாயம்தான்.

குண்டின் அளவு அடுத்தது. பழைய குழல்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டுக்குப் போய் அளந்தோம். மென்மையான ஈய உருண்டை ஒன்றை எண்ணெய் தடவி, வாய்ப்பக்கத்தில் மரச்சுத்தியால் தட்டி நுழைத்து, கம்பியால் மெதுவாகத் தள்ளிக்கொண்டே வந்து பின்பக்கம் எடுத்தோம். மைக்ரோமீட்டரில் 0.309 அங்குலம். புத்தக அளவு 0.308. ஆக, குண்டு 0.310 அல்லது 0.311 இருக்க வேண்டும். குழலைவிட ஒரு மயிரிழை தடித்திருந்தால்தான் பின்னால் வரும் வாயுவை அடைத்துக்கொண்டு போகும். மெலிந்திருந்தால் வாயு பக்கவாட்டில் பாய்ந்து ஈயத்தை உருக்கிக் குழலில் பூசிவிடும். அந்த ஈயத்தைச் சுரண்ட ஒரு சாயங்காலம் முழுக்கப் போகும். உருண்டையைத் தள்ளும்போது நடுவில் ஓர் இடத்தில் கை லேசாகத் தளர்ந்தது. எப்போதோ கொஞ்சம் அரித்திருக்கிறது போல. மச்சான் முகம் வாடிப்போயிற்று. "மெதுவா போற குண்டுக்கு இது ஒண்ணும் பண்ணாதுடா" என்றேன்.

குண்டின் அடியில் மாட்டும் சின்னச் செம்புக் கிண்ணத்துக்கு கேஸ் செக் என்று பெயர். நொடிக்கு 400 மீட்டருக்குக் கீழே அது இல்லாமலும் சமாளிக்கலாம். புதியவர் போட்டுக்கொள்வதே மேல். அடிப்பக்கம் உருகாமல் காக்கும், கொஞ்சம் வேகம் கூடினாலும் பொறுத்துக்கொள்ளும். அச்சு வாங்கினால் தட்டை மூக்கும் கேஸ் செக்குக்கு இடமும் உள்ள லைமன் 311041 மாதிரி ஒன்றை வாங்குங்கள், .30-30க்கு நெடுநாள் பழகிய வடிவம். ஊற்ற நேரமில்லை என்றால் வார்த்து அளவு பார்த்த ஈயக் குண்டை விலைக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள். மச்சான் அப்படித்தான் வாங்கப் போகிறான், மாநகர வீட்டில் அவனுக்கு ஈயம் உருக்க இடமில்லை.

கருவிகளில் ஒரே ஒரு எச்சரிக்கை. சுத்தியால் தட்டி அடைக்கும் லீ லோடர் மலிவு, கையடக்கம், எனக்கும் அதன்மேல் பாசம் உண்டு. ஆனால் அது கூட்டின் கழுத்தை மட்டும்தான் இறுக்கும். லீவர் துப்பாக்கிக்குத் தோட்டாவைத் தள்ளி அடைக்கும் பலம் குறைவு, கூடு முழு நீளத்துக்கும் இறுகியிருந்தால்தான் தடையில்லாமல் ஏறும். போதாததற்கு லீ லோடர் கூட்டின் வாயை விரித்துத் தராது, ஈயக் குண்டை உள்ளே தள்ளும்போது தோல் சீவியது போல் ஈயம் சுருள் சுருளாக வரும். ஆகவே சின்ன பிரஸ் (நெம்பி அழுத்தும் கருவி) ஒன்று, அதில் மாட்டும் அச்சுகளாக முழு அளவு டை, வாய் விரிக்கும் டை, கிரிம்ப் டை. கிரிம்ப், அதாவது கூட்டின் வாயைக் குண்டின்மேல் இறுக்கி மடிப்பது, கட்டாயம், ஏனென்றால் குழாயில் உள்ள ஸ்பிரிங் குண்டைக் கூட்டுக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். அதே நேரம் .30-30 கூட்டின் கழுத்து நீளம், சுவர் மெலிவு. கொஞ்சம் அதிகம் அழுத்தினால் கூட்டின் தோள்பட்டை (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) சுருங்கி மடங்கும். மச்சான் முதல் நாள் நாலு கூட்டை அப்படி மடக்கினான். அதில் ஒன்றைச் சாவிக்கொத்தில் மாட்டியிருக்கிறான்.

அவனுக்கு நான் சொன்னது இது. கேஸ் செக் போட்ட தட்டை மூக்கு ஈயக் குண்டு, அதன் பின்னால் ஹெச்4895. ஈயக் குண்டுக்கென்று வெளியான கையேட்டில் உள்ள ஆரம்ப அளவு. அளவை நான் இங்கே எழுத மாட்டேன், யார் எழுதியிருந்தாலும் கையேட்டோடு ஒப்பிடாமல் நம்பாதீர்கள். எனக்கு யூனிக் சரி, ஏனென்றால் அந்தப் "பொத்" சத்தம் என் காதில் இன்னும் இருக்கிறது. அவனுக்கு இன்னும் அந்தச் சத்தம் கேட்கவில்லை. கேட்காமலே இருக்கட்டும். இரண்டு தடவை போட்டால் கண்ணில் படும் மருந்தே அவனுக்கு நல்லது, கொஞ்சம் நரநரத்தாலும் பரவாயில்லை. பன்றிக்குப் போனால் மட்டும் கடைத் தோட்டா. இந்த மெதுவான தோட்டாவை மிருகத்தின் மேல் சுடாதே என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.

முதல் இருபதை அவனே அடைத்து, போன சனிக்கிழமை சுட்டோம். ஐம்பது மீட்டரில் எல்லாம் ஒரு சாண் கீழே விழுந்தன. பின்குறியின் படிக்கட்டை இரண்டு படி ஏற்றியதும் அட்டை நடுவுக்கு வந்தன. காலிக் கூடுகளைப் பொறுக்கியபோது கழுத்தெல்லாம் கரி படிந்திருந்தது, பிரைமர்கள் லேசாக வெளியே துருத்திக்கொண்டிருந்தன. மச்சான் பயந்துவிட்டான். அழுத்தம் அதிகமானால் பிரைமர் தட்டையாகும், இப்படித் துருத்தாது. கூட்டைப் பின்னால் தள்ளி உட்கார வைக்கும் அளவுக்கு அழுத்தம் வரவில்லை என்பதன் அடையாளம் இது. பழைய லீவரில் மெதுவான தோட்டாவுக்கு இது சகஜம். ஆனால் முழு வேகத் தோட்டா ஒன்றைச் சுடுவதற்கு முன் ஆசாரியிடம் ஹெட்ஸ்பேஸ், அதாவது கூட்டின் அடிக்கும் அதைப் பின்னால் தாங்கும் போல்ட்டுக்கும் உள்ள இடைவெளி, அளந்து வாங்கு என்றேன், தலையாட்டினான். பொண்ணு எட்டு சுட்டாள். ஒன்பதாவதற்கு அப்பாவைத் தள்ளிவிட்டாள்.

நேற்று மறுபடி போன். "மச்சான், இந்த வருஷம் ஆயுத பூஜைக்குத் துப்பாக்கியையும் வைக்கலாம்ல? தாத்தா வைப்பாரே."

"வையேன். காலி பண்ணி, லீவரைத் திறந்து வை. சந்தனத்தைக் கட்டைமேல மட்டும் வை. குழல்ல வச்சா துடைக்கிறது நீதான்."